ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, ஆனா இல்லைங்குது!

போன மாசம் "எரர் மெசேஜ் உங்கள சுத்தல்ல விட்ட கதைய எழுதி அனுப்புங்க"ன்னு கேட்டிருந்தேன், சும்மா பத்து பதினஞ்சு வரும்னு பாத்தா பெட்டி ரொம்பிருச்சு. பாதி கேள்வி, பாதி புலம்பல், ஒருத்தர் திட்டியே எழுதிருக்காரு, கம்ப்யூட்டரதான், என்ன இல்ல. பொறுக்குனதுல சிலது இந்த தடவ.

கே: அண்ணா, வீட்ல விண்டோஸ் லேப்டாப்ல நோட்பேட்ல ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட் எழுதி காலேஜ் லினக்ஸ் சர்வர்ல ஏத்துனேன். ரன் பண்ற பர்மிஷன் குடுத்தாச்சு. டாட் ஸ்லாஷ் போட்டு ஃபைல் பேர அடிச்சா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"ங்குது. எல்எஸ் அடிச்சா ஃபைல் அங்கயேதான் உக்காந்திருக்கு. ஆனா முன்னாடி பைத்தான்3-ன்னு போட்டு அதே ஃபைல குடுத்தா ஜம்முனு ஓடுது. பைத்தியம் புடிக்குதுண்ணா.
— பாலிடெக்னிக் மாணவர், கரூர்

ப: தம்பி, கடைசி வரில நீயே பாதி விடைய சொல்லிட்ட. பைத்தான்3 போட்டா ஓடுதுன்னா உன் கோடுல தப்பு இல்ல, ஃபைலும் காணாம போகல. அப்ப "இல்ல"ன்னு சொல்றது யாரு, எத பாத்து சொல்றாங்க, அதத்தான் மொதல்ல கேக்கணும்.

சொல்றது பைத்தான் இல்ல. பைத்தான் இன்னும் எந்திரிக்கவே இல்ல. நீ எண்டர் தட்டுனதும், அடிச்ச கமாண்ட வாங்கிக்கற ஷெல் அந்த ஃபைல லினக்ஸோட மூளையான கெர்னல் கைல குடுக்கும், கெர்னல் மொத ரெண்டு எழுத்த பாக்கும், ஹேஷும் ஆச்சரியக்குறியும் இருந்தா "ஓஹோ, இத ஓட்ட வேற ஆள கூப்பிடணும்"னு அந்த வரி முடியற வரைக்கும் படிச்சு அங்க எழுதிருக்கற புரோகிராம தேடிப் போகும். வரி எங்க முடியுதுங்கறதுலதான் சிக்கல். லினக்ஸுக்கு லைன் ஃபீட்னு ஒரே ஒரு எழுத்து வந்தா வரி முடிஞ்சுது. விண்டோஸ் அதுக்கு முன்னாடி கேரேஜ் ரிட்டர்ன்னு கண்ணுக்கு தெரியாத இன்னொரு எழுத்தயும் வைக்கும். அந்த எழுத்து லினக்ஸ் கெர்னல் கண்ணுக்கு வரி முடிவு கிடையாது, புரோகிராம் பேரோட கடைசி எழுத்து. அதனால அது தேடுறது பைத்தான்3-ய இல்ல, பைத்தான்3-க்கு பின்னாடி ஒரு வாலு ஒட்டுன ஏதோ ஒண்ண. அப்படி ஒரு புரோகிராம் உன் சர்வர்ல இல்ல, எவன் சர்வர்லயும் இருக்காது. கெர்னல் திருப்பி குடுக்கறது 2-ங்கற ஒரே ஒரு நம்பர், அதுக்கு அர்த்தம் "அப்படி ஃபைல் இல்ல". எந்த ஃபைல் இல்லன்னு சொல்ல அதுல இடமே கிடையாது. நீ அடிச்சது உன் ஃபைல் பேரு, அதனால அததான் இல்லைங்குதுன்னு நம்ம நெனச்சுக்கறோம்.

உன் ஷெல் பேஷ்ங்கற வகையா இருந்தா பெரும்பாலும் நடுவுல "பேட் இன்டர்ப்ரட்டர்"னு (ஸ்க்ரிப்ட ஓட்டற புரோகிராம் சரியில்லன்னு அர்த்தம்) ரெண்டு வார்த்தை இருக்கும், அதுக்கு முன்னாடி தொப்பி போட்ட ஒரு பெரிய எம் எழுத்தும் இருக்கும். நீ மெசேஜோட வால மட்டும்தான் எனக்கு எழுதி அனுப்பிருக்கன்னு நெனைக்கறேன், திரும்ப ஓட்டி முழுசா பாரு. அந்த தொப்பி எம்தான் கேரேஜ் ரிட்டர்ன்.

இந்த ரெண்டு எழுத்து சமாச்சாரம் டெலிபிரிண்டர் காலத்து சொத்து. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல லோயர் ஹையர் முடிச்ச அக்கா யாராச்சும் வீட்ல இருந்தா கேளு, வரி முடியப்போகுதுன்னு டிங்குனு மணி அடிக்கும், இடது கைல லீவர தள்ளுனா கேரேஜ் மொதலுக்கு திரும்பும், பேப்பரும் ஒரு வரி மேல ஏறும். டெலிபிரிண்டர்ல இந்த ரெண்டு வேலைக்கும் தனித்தனி எழுத்து. டாஸ் ரெண்டயும் வச்சுக்கிச்சு, விண்டோஸ் இன்னிக்கும் சொமந்துட்டு வருது, யூனிக்ஸ் ஒண்ணு போதும்டான்னு விட்டுருச்சு.

என் கதையும் ஒண்ணு இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு கஸ்டமர் ஆபீஸ்ல ராத்திரி ஒன்பது மணிக்கு இதே பிரச்சனை, ஆனா அங்க மொத வரில இன்டர்ப்ரட்டர் பேர நேரா போடாம, பேர சொன்னா தேடிப்புடிச்சு ஓட்டற என்விங்கற கமாண்ட் வழியா கூப்பிட்டிருந்தாங்க. ஸ்க்ரீன்ல வந்தது ஒரு முக்காற்புள்ளி, பின்னாடி "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி", அவ்ளோதான், எந்த ஃபைல்னு பேரே இல்ல. பேரில்லாத ஃபைல எங்க போய் தேடுவேன். விடியற நேரம்தான் புரிஞ்சுது, என்வி ஒழுங்காத்தான் "என்வி: பைத்தான்"னு பேர சொல்லி ஆரம்பிச்சிருக்கு, ஆனா அந்த பேரு பின்னாடி ஒட்டிருந்த கேரேஜ் ரிட்டர்னயும் அப்படியே பிரிண்ட் பண்ணிருக்கு, டெர்மினல் அத பாத்ததும் கர்சர வரியோட மொதலுக்கு கொண்டுபோயிருச்சு, மிச்ச மெசேஜ் அதுக்கு மேலயே ஏறி எழுதிருச்சு. எது குத்தவாளியோ அதுவே தன் பேர அழிச்சிட்டு போயிருக்கு! இப்ப வர்ற என்வி அத மேற்கோள் குறிக்குள்ள பேக்ஸ்லாஷ் ஆர்-ன்னு தெளிவா காட்டுது, புண்ணியமா போகும்.

கண்டுபிடிக்க: கேட் கமாண்டுக்கு ஹைஃபன் பெரிய ஏ போட்டு ஃபைல குடு, ஒவ்வொரு வரி கடைசிலயும் டாலருக்கு முன்னாடி தொப்பி எம் தெரிஞ்சா அதேதான். சரி பண்ண டாஸ்-டு-யூனிக்ஸ்னு ஒரு கமாண்டே இருக்கு, இன்ஸ்டால் பண்ணிக்கோ. விஎஸ் கோடுல எழுதுனா கீழ வலது மூலைல சிஆர்எல்எஃப்னு இருக்கும், அத தட்டி எல்எஃப்னு மாத்தி சேவ் பண்ணா போதும். பைத்தான்3 முன்னாடி போட்டா ஏன் ஓடுச்சுன்னா, பைத்தானுக்கு எந்த மாதிரி வரி முடிவா இருந்தாலும் கவல இல்ல, அந்த மொத வரியும் அதுக்கு வெறும் கமெண்ட்தான்.

கே: ஸ்க்ரிப்ட ஓட்டுனா மவுஸ் பாயிண்டர் கூட்டல் குறி மாதிரி ஆயிடுது, அப்படியே நிக்குது. கிளிக் பண்ணா ஃபோல்டர்ல "ஓஎஸ்"னு ஒரு புது ஃபைல் வந்திருக்கு. இன்னொரு ஸ்க்ரிப்ட்ல "ஃப்ரம்: கான்ட் ரீட் வார் மெயில்"னு மெயில் பத்தி ஏதோ சொல்லுது. நான் மெயிலே அனுப்பலயே. ஹேக் ஆயிடுச்சா?
— ஐடி வேலைக்கு புதுசா சேந்தவர், கோவை

ப: ஹேக் எல்லாம் இல்லைங்க, இந்த கேள்விய படிச்சு நான் சிரிச்சத பாத்து வீட்ல என்னமோன்னு வந்து எட்டிப்பாத்தாங்க.

நீங்க மொத வரில ஹேஷ் ஆச்சரியக்குறி போடல. அது இல்லன்னா கெர்னல் "இத எப்படி ஓட்டறதுன்னு எனக்கு தெரியாது"ன்னு கைய விரிச்சிரும், ஷெல் அதோட விடாது, சரி இது ஷெல் ஸ்க்ரிப்ட்டா இருக்கும்னு தானே உக்காந்து வரி வரியா படிக்க ஆரம்பிச்சிரும். உங்க மொத வரி "இம்போர்ட் ஓஎஸ்". ஷெல்லுக்கு இது ஒரு கமாண்ட். இமேஜ்மேஜிக் இன்ஸ்டால் ஆயிருக்கற மெஷின்ல நெஜமாவே இம்போர்ட்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதோட வேலை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கறது, பின்னாடி குடுக்கற பேருல சேவ் பண்ணும். நீங்க கிளிக் பண்ணதும் உங்க ஸ்க்ரீன படம் புடிச்சு "ஓஎஸ்"ங்கற பேருல வச்சிருச்சு. அது பாட்டுக்கு அதோட வேலைய பாத்திருக்கு.

ஃப்ரம் கதையும் இதேதான். ஃப்ரம்னு ஒரு பழைய யூனிக்ஸ் கமாண்ட், உங்களுக்கு யார் யார்கிட்ட இருந்து மெயில் வந்திருக்குன்னு காட்டும், பின்னாடி குடுக்கறது யூசர் பேரு. "ஃப்ரம் கலெக்‌ஷன்ஸ்"னு பைத்தான் வரி ஆரம்பிச்சா, கலெக்‌ஷன்ஸ்ங்கற ஆளோட மெயில் பெட்டிய தேடி, இல்லையேப்பான்னு சொல்லுது. அந்த ஓஎஸ் ஃபைல டெலீட் பண்ணிட்டு மொத வரிய போடுங்க. போட்டிருக்கேனேன்னு சண்டைக்கு வராதீங்க, விண்டோஸ் எடிட்டர் சிலது ஃபைல் ஆரம்பத்துல பிஓஎம்னு, இது யூனிகோட் ஃபைல்னு காட்டற அடையாளமா, மூணு பைட் சத்தமில்லாம வைக்கும், அப்பவும் மொத எழுத்து ஹேஷ் இல்ல, இதே கூத்துதான் நடக்கும்.

கே: சார், நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பசங்க பேர் பட்டியல் தமிழ்ல எக்செல்ல இருக்கு, அத சிஎஸ்வியா சேவ் பண்ணி பைத்தான்ல படிக்கறேன், விண்டோஸ் கம்ப்யூட்டர்தான். ஒரு செக்‌ஷன் பட்டியல் எரர் இல்லாம ஓபன் ஆவுது ஆனா எழுத்தெல்லாம் கோழி கிண்டுன மாதிரி. இன்னொரு செக்‌ஷனுக்கு "சார்மேப் கோடெக்"னு எரர். ரெண்டயும் நான் ஒரே மாதிரிதானே சேவ் பண்ணேன்? ஃபைல் கரப்ட்னு பக்கத்து டீச்சர் சொல்றாங்க.
— ஆசிரியை, திருவண்ணாமலை

ப: டீச்சர், ஃபைல் கரப்ட் இல்ல. எரர் வந்த செக்‌ஷன்தான் அதிர்ஷ்டக்கார செக்‌ஷன், ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க, இது தமிழ்ல வேலை பாக்கற எல்லாரும் ஒரு தடவயாச்சும் மோதுற செவுரு.

ஃபைல்ல தமிழ் யூடிஎஃப்-8ல (எல்லா மொழி எழுத்தயும் பைட்டா எழுதி வைக்கற ஒரு முறை, இந்த மாதிரி முறைக்குத்தான் என்கோடிங்னு பேரு) இருக்கு, ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறிக்கும் மூணு பைட். ஆனா விண்டோஸ்ல பைத்தான் ஒரு ஃபைல ஓபன் பண்றப்ப நீங்க எந்த என்கோடிங்னு சொல்லலன்னா சிஸ்டத்தோட பழைய கோட் பேஜ, அதாவது எந்த பைட்டுக்கு எந்த எழுத்துங்கற பட்டியல, எடுத்துக்கும், நம்ம ஊரு கம்ப்யூட்டர்ல அது பெரும்பாலும் 1252, மேற்கு ஐரோப்பா மொழிகளுக்கு போட்டது. அதுல ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து, ஆனா அஞ்சு இடம் மட்டும் காலி, ஹெக்ஸ்ல (பதினாறு அடிமான எண்ல) சொன்னா 81, 8டி, 8எஃப், 90, 9டி.

இப்ப "தமிழ்"ங்கற வார்த்தைய எடுங்க. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி, மொத்தம் அஞ்சு குறி, பதினஞ்சு பைட். புள்ளியோட மூணு பைட் ஈ0, ஏஎஃப், 8டி. கடைசி பைட் போய் காலி இடத்துல விழுது. பூஜ்யத்துல இருந்து எண்ணுனா அது 14வது இடம். அதனால வெறும் "தமிழ்"னு மட்டும் இருக்கற ஃபைல குடுத்தா பைத்தான் கரெக்டா "8டி பைட்ட படிக்க முடியல, பொசிஷன் 14"னு சொல்லும். அது சொல்றது நம்ம புள்ளியதான், ஆனா அந்த மெசேஜ பாத்து யாருக்கு புள்ளி ஞாபகம் வரும்!

உகரத்துக்கும் இதே கதி, அதோட கடைசி பைட் 81. ஏ-வும் ஐ-யும் கூட மாட்டும். ஆக பட்டியல்ல முருகன்னு ஒரு பையன் இருந்தா மு-லயே நின்னுரும். கமலா, மாலா, ராதான்னு மட்டும் இருந்தா ஒரு பைட்டும் காலி இடத்துல விழாது, எரரே வராது, அமைதியா எல்லாத்தயும் குப்பையா படிச்சு உங்க கைல குடுக்கும். அந்த செக்‌ஷன் பட்டியல்ல புள்ளி வச்ச பேரோ உகரம் வச்ச பேரோ ஒண்ணுகூட இல்லன்னு பந்தயம் கட்டறேன், எடுத்து பாருங்க. அந்த குப்பைய அப்படியே திரும்ப சேவ் பண்ணிடாதீங்க, அப்புறம் நெஜமாவே கரப்ட் ஆயிரும்.

ஓபன் பண்ற எடத்துல என்கோடிங் யூடிஎஃப்-8ன்னு சேத்து எழுதுங்க, ரெண்டு செக்‌ஷனும் சரியாயிரும். சரியான உடனே அடுத்த எரர் ஒண்ணு வரும், இப்பவே சொல்லிடறேன், "கீ எரர்: நேம்"னு வரும். தலைப்பு வரில இங்கிலீஷ்ல நேம்னு பளிச்சுனு இருக்கறப்ப நேம் இல்லைங்கும். எக்செல் யூடிஎஃப்-8 சிஎஸ்வியா சேவ் பண்றப்ப முன்னாடி அந்த மூணு பைட் பிஓஎம்ம வைக்கும், கோவைக்காரருக்கு சொன்னேனே அதேதான், அது மொத நெடுவரிசையோட பேரோட ஒட்டிக்கும். யூடிஎஃப்-8ங்கறதுக்கு பதிலா யூடிஎஃப்-8-சிக்னு குடுங்க, கழட்டி எறிஞ்சிரும். பைத்தான் 3.15ல சொல்லலன்னாலும் யூடிஎஃப்-8தான் டிஃபால்ட்டுன்னு முடிவெடுத்திருக்காங்க, ஆனா உங்க ஸ்கூல் கம்ப்யூட்டருக்கு அது எப்ப வரும்னு உங்களுக்கே தெரியும்.

கே: 12வது வரில சின்டாக்ஸ் எரர்ங்குது. 12வது வரில இருக்கறது வெறும் "எக்ஸ் ஈக்வல் டு 5". இதுல என்ன சின்டாக்ஸ் தப்பு?
— பொறியியல் மாணவி, நாகர்கோவில்

ப: 11வது வரில பிராக்கெட் மூடலம்மா. மூடாத வரைக்கும் பார்சர (கோட படிச்சு புரிஞ்சுக்கற பகுதிய) பொறுத்தவரை அதே வரி நீண்டுட்டே போகுது, 12ல வந்து ஒட்டாத ஒண்ண பாத்ததும்தான் முழிச்சுக்குது. அது தடுக்கி விழுந்த எடத்த சொல்லுது, கல்லு கெடக்கறது ஒரு வரி மேல. உங்க லேப்ல பழைய பைத்தான் இருக்கும்னு நெனைக்கறேன், 2020ல 3.9ல பார்சரயே புதுசா எழுதுனாங்க, அத வச்சு 2021 அக்டோபர்ல வந்த 3.10ல இருந்து "இந்த பிராக்கெட் மூடவே இல்ல"ன்னு தெறந்த எடத்தயே காட்டுது.

கே: ரேண்டம் மாடியூல்ல ரேண்ட்இன்ட் இல்லைங்குது, "சர்குலர் இம்போர்ட்"டா இருக்கலாம்னு வேற சொல்லுது. நான் ஒரே ஒரு ஃபைல்தான் எழுதிருக்கேன், எத எது சுத்தும்?
— பகுதிநேரமா படிக்கறவர், சேலம்

ப: அந்த ஒரே ஒரு ஃபைலுக்கு ரேண்டம்னு பேர் வச்சிருக்கீங்க, சரிதானே? பைத்தான் மொதல்ல உங்க ஸ்க்ரிப்ட் இருக்கற ஃபோல்டர்லதான் தேடும், அங்க உங்க ஃபைலே ரேண்டம்னு நிக்குது, அத அதுவே இம்போர்ட் பண்ணிக்குது. பேர மாத்துங்க. 3.13ல இந்த எடத்துல "உங்க ஃபைல் பேரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி பேரும் ஒண்ணா இருக்கு, மாத்தி பாருங்க"ன்னு நேராவே சொல்ற மாதிரி பண்ணிட்டாங்க, அத யோசிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு.

கே: பழைய பிஎச்பி சைட் ஒண்ண பாத்துக்கறேன். "டி பாமாயிம் நெகுடோட்டாயிம்" எதிர்பாக்கலன்னு பார்ஸ் எரர் வந்துச்சு. வைரஸ்னு சர்வரயே அணைச்சிட்டேன். சரிதானே?
— டிசைனர், சிவகாசி

ப: சர்வர போடுங்க சார், கஸ்டமர் போன் பண்றதுக்குள்ள. அது எபிரேய மொழி. ரெட்டை முக்காற்புள்ளின்னு அர்த்தம், கிளாஸ் பேருக்கும் ஃபங்ஷன் பேருக்கும் நடுவுல ரெண்டு கோலன் போடுவோமே, அது. பிஎச்பியோட பார்சர 1997ல திரும்ப எழுதுனது ஸீவ் சுராஸ்கி, ஆண்டி கட்மன்ஸ்னு ரெண்டு பேர், இஸ்ரேல்ல ஹைஃபால இருக்கற டெக்னியான்ல படிச்சுட்டிருந்த பசங்க, அவங்க பேர்ல இருந்துதான் பிஎச்பிய ஓட்டற இன்ஜினுக்கு ஸெண்டுங்கற பேரே. பார்சருக்குள்ள அந்த குறிக்கு தன் மொழில பேர் வச்சாங்க, அது அப்படியே எரரா வெளிய வந்து உலகம் முழுக்க உங்கள மாதிரி ஆளுங்கள பயமுறுத்துச்சு. நம்ம பசங்க யாராச்சும் எழுதிருந்தா "எதிர்பாராத டி_ரெட்டைமுக்காற்புள்ளி"ன்னு வந்து அமெரிக்காக்காரன் சர்வர அணைச்சிருப்பான், அந்த சந்தோஷம் நமக்கு கெடைக்கல. அந்த வரில எங்கயோ ரெண்டு கோலன் வரக்கூடாத எடத்துல வந்திருக்கு, இல்ல வர வேண்டிய எடத்துல வரல, மெசேஜ்ல "எதிர்பாக்கல"ன்னு இருக்கா "எதிர்பாத்தேன்"னு இருக்கான்னு மட்டும் கவனிங்க.

கே: "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". டிஎஃப் போட்டா 40 ஜிபி காலி.
— சிஸ்டம் அட்மின், ஓசூர்

ப: நீங்க நாலே வார்த்தைல கேட்டீங்க, நானும் சுருக்கிக்கறேன். டிஎஃப்புக்கு ஹைஃபன் ஐ போட்டு பாருங்க, ஐநோடு, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்ல வைக்கற பதிவு, நூறு சதவீதம் ஆயிருக்கும். நோட்டுல பக்கம் இருக்கு, அட்டவணைல பேர் எழுத இடம் தீந்துபோச்சு, எங்கயோ ஒரு ஃபோல்டர்ல குட்டி குட்டி செஷன் ஃபைலா லட்சக்கணக்குல குவிஞ்சிருக்கும். ஐநோடும் காலியா இருந்து, ஃபைல் மாறுதான்னு வேவு பாக்கற ஸ்க்ரிப்ட்ல மட்டும் இந்த எரர் வந்தா டிஸ்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஐநோட்டிஃபை வாட்ச் லிமிட் முட்டிருச்சு, கெர்னல் அதுக்கும் இதே நம்பரத்தான் குடுக்குது.

கே: இருபது வருஷமா ஓடுற ஒரு பெர்ல் ஸ்க்ரிப்ட். போன வாரம் நின்னு போச்சு, "இன்அப்ரோப்ரியேட் ஐஓசிடிஎல் ஃபார் டிவைஸ்"னு. டிவைஸ் எதையும் அது தொடவே இல்ல, ஒரு டெக்ஸ்ட் ஃபைல படிக்குது அவ்ளோதான். ஹார்ட் டிஸ்க் போச்சா?
— கணக்கு அலுவலகத்துல வேலை பாக்கறவர், மதுரை

ப: டிஸ்க் நல்லாருக்கும். இந்த எரருக்கு பழைய பேரு தெரியுமா, "நாட் எ டைப்ரைட்டர்", டைப்ரைட்டர் இல்லைங்கறது. நம்பர் 25. கரூர் தம்பிக்கு சொன்ன அதே டெலிபிரிண்டர் குடும்பம்தான், ஒரு காலத்துல யூனிக்ஸோட மறுமுனைல டெலிடைப் மெஷின்தான் இருந்துச்சு, அதுகிட்ட மட்டும் கேக்க வேண்டியத வேற எதுகிட்டயாவது கேட்டா இந்த பதில் வரும்.

பெர்ல் ஒரு ஃபைல ஓபன் பண்ணதும், இது டெர்மினலான்னு ஒரு தடவ கேட்டு பாத்துக்கும். உங்க டெக்ஸ்ட் ஃபைல் "நான் இல்லப்பா"ங்கும், 25ங்கற நம்பர் உள்ள உக்காந்துக்கும், அதுல ஒரு தப்பும் இல்ல, ஃபைல் ஓபன் ஆயிருச்சு. அப்புறம் பத்து வரி தள்ளி உங்க ஸ்க்ரிப்ட்ல வேற ஏதோ சரியில்ல, தேதி ஃபார்மட் மாறிருக்கலாம், ஒரு நெடுவரிசை குறைஞ்சிருக்கலாம், அங்க எழுதுனவரு "டை" (மெசேஜ் சொல்லிட்டு ஸ்க்ரிப்ட நிறுத்தற பெர்ல் கமாண்ட்) போட்டு கூடவே டாலர் ஆச்சரியக்குறியயும் பிரிண்ட் பண்ண சொல்லிருப்பாரு. அதுல இருக்கறது கடைசியா எந்த சிஸ்டம் கால் தோத்துச்சோ அதோட நம்பர், இப்ப நடந்ததோட காரணம் இல்ல. பழைய சோத்துப் பானைல மிச்சம் இருந்தத எடுத்து ஊத்திருக்கு.

மெசேஜ் கடைசில "அட் லைன்"னு ஒரு வரி நம்பர் இருக்கும், நீங்க எனக்கு எழுதாம விட்டது, அதுக்கு போங்க, அந்த வரில எந்த கண்டிஷன் தோத்துச்சுன்னு பாருங்க. அந்த டாலர் ஆச்சரியக்குறிய எடுத்துட்டு, அதுக்கு பதிலா படிச்ச வரியயே பிரிண்ட் பண்ண சொல்லுங்க. போன வாரத்துல இருந்து உங்களுக்கு அந்த ஃபைல அனுப்பறவங்க என்னத்த மாத்துனாங்கன்னு அதுல தெரிஞ்சிரும்.